ஐபி படிக்கும் மகள், இயற்பியல் இல்லை, வீட்டில் நீட் பேச்சு: என்ன செய்யலாம்?

மதுரையிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

மகளுக்கு எல்கேஜி முதல் மதுரையில்தான் படிப்பு. இன்டர்நேஷனல் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு இணையான ஐஜிசிஎஸ்இ முடித்து, நல்ல மதிப்பெண்ணோடு இந்த ஜூலையில் அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு, ஐபி (இன்டர்நேஷனல் பக்கலரியேட்) டிப்ளமா சேர்ந்திருக்கிறாள். உயிரியல், வேதியியல், ஆங்கிலம் மூன்றும் ஹெச்எல், அதாவது உயர்நிலை. கணிதம், பொருளாதாரம், பிரெஞ்சு மூன்றும் எஸ்எல், அதாவது சாதாரண நிலை. தீபாவளிக்கு எல்லோரும் கூடிய இடத்தில், உசிலம்பட்டிப் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் அவள் பெரியப்பா பாடங்களைக் கேட்டுவிட்டு, "பிசிக்ஸ் இல்லாம நீட் எப்படிம்மா எழுதுவா?" என்று கேட்டிருக்கிறார். அதோடு பண்டிகை முடிந்தது. "ஐபி நம்ம ஊர்ல செல்லாது" என்கிறார் ஒருவர். "இன்டர்நேஷனல் ஸ்கூல் பிள்ளைகளுக்கு மாநில ஒதுக்கீடு கிடையாது" என்கிறார் இன்னொருவர். பன்னிரண்டாம் வகுப்பை மட்டும் ஸ்டேட் போர்டில் படிக்க வைக்கலாம், அதுவும் இல்லையென்றால் வெளிநாட்டில் எம்பிபிஎஸ் சேர்த்துவிடலாம் என்று ஆளுக்கொரு யோசனை. ஒரு டியூஷன் சென்டர் சனி, ஞாயிறு நீட் கோச்சிங்கோடு, "எக்ஸ்டெண்டெட் எஸ்ஸேயையும் நாங்களே முடிச்சுத் தர்றோம்" என்று, ஐபி மாணவர்கள் தாங்களே எழுத வேண்டிய அந்த ஆய்வுக் கட்டுரைக்கும் சேர்த்துக் கட்டணம் சொல்லியிருக்கிறது. பள்ளி தந்த முதல் பருவ மதிப்பீடு 45-க்கு 31, "அப்படியென்றால் 69 சதவீதம்தானே?" என்று கவலைப்படுகிறார். மகளைக் கேட்டால் "உங்க இஷ்டம்" என்கிறாள். "லட்சக்கணக்கில் கட்டித் தப்புப் பண்ணிட்டோமா?" என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு முடிவுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இயற்பியல் படிப்பதா என்பது ஒன்று. நீட் எழுதி மருத்துவம் போவதா என்பது இன்னொன்று. முதல் முடிவுக்கு உங்களிடம் சில வாரங்கள்தான் இருக்கின்றன. இரண்டாவதற்கு ஒன்றரை ஆண்டு இருக்கிறது. வீட்டில் எல்லோரும் இரண்டாவதைப் பற்றியே சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பதால் முதலாவது கைநழுவிக்கொண்டிருக்கிறது.

அதற்கு முன்னால் உறவினர்கள் சொன்னவற்றைச் சரிபார்த்துவிடுவோம்.

ஐபி இங்கே செல்லாது என்பது தவறு. ஐபி டிப்ளமாவை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏஐயூ பிளஸ் டூவுக்கு இணையாக ஏற்கிறது. இந்தியாவுக்கு இது புதிதும் அல்ல. உங்களுக்குப் பக்கத்து மலையில் இருக்கும் கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி 1976-லேயே ஐபி அங்கீகாரம் பெற்றது. மாநில ஒதுக்கீடு பற்றிச் சொன்னதும் சரியல்ல. தமிழ்நாட்டைச் சேர்ந்த, ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்த பிள்ளைக்கு, எந்த போர்டு என்பது தடை இல்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீதம் போக மீதி 85 சதவீத இடங்களுக்கு உங்கள் மகளும் போட்டியிடலாம். சாதிச் சான்றிதழும் மற்றவர்களுக்குப் போலவே செல்லும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மட்டும் அவளுக்குப் பொருந்தாது. ரேங்க் போடுவது நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான். பள்ளி இறுதித் தேர்வு தகுதிக்கு மட்டும்: பொதுப் பிரிவென்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவென்றால் 40 சதவீதம்.

31-ஐ 45-ஆல் வகுத்துச் சதவீதம் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். ஐபியில் ஒவ்வொரு பாடத்துக்கும் உச்சம் 7. ஆறு பாடத்துக்கு 42. டிஓகே என்கிற அறிவுக் கோட்பாடு, எக்ஸ்டெண்டெட் எஸ்ஸே இரண்டுக்கும் சேர்த்து 3. அந்த 7 ஒரு தரநிலை, நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கு அல்ல. 24 புள்ளியும் சில கூடுதல் நிபந்தனைகளும் இருந்தால் டிப்ளமா கிடைத்துவிடும். முதல் பருவத்திலேயே 31 வாங்கும் பிள்ளை நன்றாகப் படிக்கும் பிள்ளை. நம் ஊர் பிளஸ் டூவில் 590 கேட்டுப் பழகிய காதுக்கு 31 சின்னதாகத்தான் கேட்கும். அதற்காக அவளிடம் முகம் சுளிக்காதீர்கள்.

பெரியப்பா சொன்னது சரி, ஆனால் பாதி

நீட் எழுத இயற்பியல் வேண்டும் என்பது உண்மை. பதினொன்று, பன்னிரண்டில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது பயோடெக்னாலஜி, ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். அவர் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி இது: இயற்பியல் இல்லாவிட்டால் மூடிக்கொள்வது எம்பிபிஎஸ் கதவு மட்டுமல்ல. கால்நடை மருத்துவம், பி.எஸ்சி நர்சிங், பி.பார்ம் எல்லாவற்றிலும் இயற்பியலைக் கேட்கிறார்கள். உடல்நலம் சார்ந்த பெரும்பாலான படிப்புகளை இந்தியாவில் யோசிக்கும் பிள்ளைக்கு அது அடிப்படைத் தேவை. ஆகவே "டாக்டருக்குப் படிப்பாளா மாட்டாளா" என்று தீராமலேயே இயற்பியலைப் பற்றி நீங்கள் முடிவெடுக்கலாம்.

பள்ளி ஏன் இதை ஜூலையிலேயே சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கோபம்தான். ஐபியின் விதி அப்படி அமைந்திருக்கிறது: மொழி, இரண்டாம் மொழி, சமூக அறிவியல், அறிவியல், கணிதம் என ஐந்து பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் ஒரு பாடம் கட்டாயம். ஆறாவதாகக் கலைப் பாடம் எடுக்கலாம், அல்லது அதற்குப் பதில் இன்னொரு அறிவியல் எடுக்கலாம். அதனால் வழக்கமான ஐபியில் இரண்டு அறிவியலோடு நின்றுவிடும். பள்ளி விதிப்படிதான் பாடம் கொடுத்திருக்கிறது. இந்தியாவில் எந்தப் படிப்புக்கு என்ன கேட்பார்கள் என்பதைக் கூடவே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும், அதைச் செய்யவில்லை.

இதற்கு ஐபிக்குள்ளேயே ஒரு வழி உண்டு. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு ஒரு குறிப்பிட்ட பாடச் சேர்க்கை கட்டாயம் என்று காட்டினால், ஒரு பிரிவை விட்டுவிட்டு மூன்றாவது அறிவியலை எடுக்க ஐபி அனுமதிக்கும். வழக்கத்திலிருந்து விலகிய டிப்ளமா என்று இதற்குப் பெயர். பள்ளியின் ஐபி கோ-ஆர்டினேட்டரிடம் 'நான்-ரெகுலர் டிப்ளமா' என்று சொன்னால் புரிந்துகொள்வார். விண்ணப்பிக்க வேண்டியது பள்ளிதான், பெற்றோர் அல்ல. ஆதாரமாக நீட் தகவல் கையேட்டில் கல்வித் தகுதி பற்றிய பக்கத்தைக் கொடுங்கள். மூன்று அறிவியலும் வேண்டும் என்று அதிலேயே அச்சாகியிருக்கிறது. உங்கள் மகளுக்கு இது எளிதாகவே பொருந்தும்: பொருளாதாரம் எஸ்எல்லை விட்டு இயற்பியல் எஸ்எல் எடுத்தால், மூன்று ஹெச்எல் அப்படியே நிற்கும்.

இதில் இழப்பு இல்லாமல் இல்லை. ஒரு எஸ்எல் பாடத்துக்கு 150 மணி நேரக் கற்பித்தல் எதிர்பார்க்கப்படுகிறது; அதில் நான்கு மாதம் போய்விட்டது. மே மாதத் தேர்வுக்கான பதிவு முந்தைய நவம்பர் பாதியில்தான் என்பதால், காகிதத்தில் பார்த்தால் இன்னும் ஓர் ஆண்டு அவகாசம் இருப்பதுபோலத் தோன்றும். நம்பாதீர்கள். விட்டுப்போன இயற்பியலைப் பிடிக்க டிசம்பர் விடுமுறைதான் கடைசி நல்ல சந்தர்ப்பம். இயக்கவியல், ஆற்றல், வெப்பம் ஆகியவற்றை அந்த விடுமுறையில் ஓர் ஆசிரியரோடு உட்கார்ந்து முடித்துவிட்டால் ஜனவரியில் வகுப்போடு சேர்ந்துவிடலாம். டியூஷன் பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஐஜிசிஎஸ்இ-யில் அவள் இயற்பியல் எடுத்திருந்தாளா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்திருந்தால் பாதிச் சுமை குறையும். எடுக்கவில்லை என்றால் மாற்றும் முன் இயற்பியல் ஆசிரியரிடம் ஒரு வாரம் வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள்.

பள்ளி மறுத்தாலும் கதை முடிந்துவிடாது. பிளஸ் டூ தேறிய பிறகு, விடுபட்ட பாடத்தைக் கூடுதல் பாடமாக அங்கீகரிக்கப்பட்ட போர்டில் எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. என்ஐஓஎஸ் எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஒரு பாடத்தை மட்டும் தனியாக எழுதும் வசதியும் இருக்கிறது. ஆனால் இதை இரண்டாவது வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இன்னொரு புத்தகம், இன்னொரு செய்முறைத் தேர்வு, இன்னொரு ஹால் டிக்கெட் என்று அலைய வேண்டியிருக்கும்.

பன்னிரண்டில் போர்டு மாறுவது வேண்டாம்

ஸ்டேட் போர்டானாலும் சிபிஎஸ்இ ஆனாலும் பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்தே மேல்நிலைப் படிப்பு. முதல் ஆண்டை அங்கே படிக்காத பிள்ளை, அதுவும் இயற்பியலே படிக்காத பிள்ளை, நேரடியாகப் பன்னிரண்டில் போய் உட்காருவது விதிப்படியும் சிக்கல், படிப்புப்படியும் சிக்கல். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் பதினொன்றை மறுபடி தொடங்க வேண்டும். ஓர் ஆண்டு போகும். கட்டிய பணமும் போகும். கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் மேலே போக, தான் மட்டும் பின்தங்கிய உணர்வும் சேர்ந்துகொள்ளும். அந்த ஓர் ஆண்டைச் செலவழிப்பதுதான் என்றால், டிப்ளமாவை முடித்த பிறகு நீட்டுக்கென்று செலவழிப்பது மேல்.

வெளிநாட்டு எம்பிபிஎஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. நீட்டைத் தவிர்ப்பதற்காக அந்த வழி என்று யாராவது சொன்னால் அவரிடம் மேற்கொண்டு பேசாதீர்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியாவில் மருத்துவம் பார்க்க வேண்டுமானால், போவதற்கு முன்பே நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். 2021-இல் வந்த விதிகள் இன்னும் கடுமை: படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழி, அதே கல்லூரியில் ஓர் ஆண்டு பயிற்சி, திரும்பி வந்ததும் தகுதித் தேர்வு, மறுபடி இங்கே ஓர் ஆண்டு பயிற்சி. ஏஜென்சிக்காரர்கள் இந்தப் பட்டியலைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

அந்த மே மாதம்

ஐபி எழுதிக்கொண்டே நீட்டும் எழுதலாமா என்று கேட்டீர்கள். எழுதலாம். அந்த மே மாதம் எப்படி இருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஐபி தேர்வு ஏப்ரல் கடைசியில் தொடங்கி மூன்று வாரம் போகும். நீட் 2024-இல் மே 5, 2025-இல் மே 4. மே மாதத்து முதல் ஞாயிறு. சனிக்கிழமை வரை ஐபிக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதப் படித்தவள், ஞாயிறு மதியம் 3 மணி நேரத்தில் 180 கேள்விக்குக் குமிழை நிரப்பி, தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் இழந்து, மறுநாள் மறுபடி ஐபி அறையில் உட்கார வேண்டியிருக்கலாம். நம் ஊரில் சித்திரைத் திருவிழாவும் பல ஆண்டுகளில் அந்த வாரங்களில்தான் விழும். ஆற்றைத் தாண்டிப் போகவேண்டிய தேர்வு மையம் என்றால் அதற்கும் ஒரு திட்டம் தேவை.

பாடமும் ஒன்றல்ல. ஐபி உயிரியல் இப்போது ஒற்றுமையும் பன்மையும், வடிவமும் செயலும் என்பது போன்ற கருப்பொருள்களாக நடக்கிறது. ஒரு வரைபடத்தைக் கொடுத்து, ஏன் இப்படி என்று கேட்பார்கள். நீட் என்சிஇஆர்டி புத்தகத்தின் வரிக்கு வரி. 720 மதிப்பெண்ணில் உயிரியல் மட்டும் 360, இயற்பியல் 180. ஐபியில் 7 வாங்கும் பிள்ளையும் என்சிஇஆர்டியைத் தனியாகப் படிக்காமல் அரசு இடம் வாங்கும் அளவுக்கு மதிப்பெண் எடுப்பது அரிது. அதனால் என் கருத்து: மருத்துவம் என்று முடிவானால், பன்னிரண்டில் எழுதும் நீட்டை அறிமுகத் தேர்வாக எடுத்துக்கொள்ளுங்கள், அதன்பின் ஓராண்டு முழு நேரக் கோச்சிங்குக்கு இப்போதே மனத்தளவிலும் பணத்தளவிலும் ஆயத்தமாகுங்கள். அதைத் தோல்வி என்று அவளிடம் யாரும் சொல்லக் கூடாது. சனி, ஞாயிறு கோச்சிங்கை இப்போது தொடங்க வேண்டாம். இயற்பியலைப் பிடிக்க வேண்டிய நேரத்தை அது தின்றுவிடும்.

ஐபி முடிவு ஜூலை முதல் வாரம்தான் வரும். தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கை விண்ணப்பம் 2025-இல் ஜூன் தொடக்கத்திலேயே திறந்துவிட்டது. மதுரைக் கலை அறிவியல் கல்லூரிகளிலும் அதற்கு முன்பே சேர்க்கை நடக்கும். ஆகவே பன்னிரண்டின் ஜனவரியிலேயே, தேர்வெழுதும் சான்றும் பள்ளியின் எதிர்பார்ப்பு மதிப்பெண் கடிதமும் பெற்று, நீங்கள் நினைத்திருக்கும் கல்லூரி அலுவலகத்தில் "ஜூலையில் மதிப்பெண் தந்தால் ஏற்பீர்களா" என்று நேரில் கேட்டுவிடுங்கள்.

எக்ஸ்டெண்டெட் எஸ்ஸே விஷயம்

டியூஷன் சென்டர் சொன்ன அந்த "நாங்களே முடிச்சுத் தர்றோம்" பற்றி உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. எக்ஸ்டெண்டெட் எஸ்ஸே என்பது 4000 சொல் வரையிலான ஆய்வுக் கட்டுரை. இதைத் தானே எழுதியதாக மாணவி உறுதி தர வேண்டும். வழிகாட்டும் ஆசிரியர் இடையில் அவளோடு உரையாடுவார். கடைசியில் நேர்காணல் போல ஓர் உரையாடல் உண்டு. வேறொருவர் எழுதியது என்று தெரிந்தால் டிப்ளமாவே கிடைக்காமல் போகலாம். மூன்று புள்ளிக்காக மொத்தத்தையும் பணயம் வைப்பது அது.

அதோடு, அவளுக்குக் கட்டுரைப் பொருளுக்கு எங்கும் போக வேண்டியதே இல்லை. உங்கள் மாமனார் வீட்டில் மல்லிகைத் தோட்டம் இருப்பதாகக் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013-இல். விடிவதற்கு முன் மொட்டாகப் பறித்து, சாயங்காலம் விரியும் பூ. வெப்பநிலை மாறினால் மொட்டு விரிய ஆகும் நேரம் எப்படி மாறுகிறது? ஒரே செடியில் ஒரே அளவுள்ள மொட்டுகளை எடுத்து, நான்கைந்து வெப்பநிலையில் வைத்து, அரை மணிக்கொரு முறை எண்ணினால் உயிரியல் கட்டுரைக்கு நல்ல தரவு கிடைக்கும். தாத்தாவுக்குத் தெரிந்த விவரமும் கூட வரும். கட்டுரைக்குக் கேள்வியை மட்டும் அவள் குறுக்கிக்கொள்ள வேண்டும். 'மல்லிகையும் மதுரைப் பண்பாடும்' என்று விரித்தால் கெட்டது. கோடை விடுமுறையில் பூ வரத்து நன்றாக இருக்கும்போது சோதனையை முடித்துவிட்டால், பன்னிரண்டின் முதல் பருவம் ஐஏ எனப்படும் அக மதிப்பீட்டு வேலைகளுக்கு மிஞ்சும். அறிவியல் பாடங்களில் இந்த ஐஏ மட்டும் 20 சதவீதம்; மே மாதத் தேர்வறைக்குப் போகும் முன்பே கையில் சேர்த்துக்கொள்ளக்கூடிய மதிப்பெண்.

"உங்க இஷ்டம்" என்கிறாளே

பதினாறு வயதுப் பிள்ளை "உங்க இஷ்டம்" என்றால், பெரும்பாலும் அவளுக்கு வேறு இஷ்டம் இருக்கிறது, அல்லது யோசிக்கவே பயமாக இருக்கிறது என்று பொருள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உயிரியலை ஹெச்எல்லாக அவளே தேர்ந்தெடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். உயிரியல் பிடிப்பதும் நோயாளி பார்க்கப் பிடிப்பதும் ஒன்றல்ல. பெரியப்பாவிடம் ஓர் உதவி கேளுங்கள்: அறிவுரை வேண்டாம், ஒரு சனிக்கிழமை கிளினிக்கில் ஓர் ஓரமாக அவள் இருக்கட்டும். நோயாளிகளின் அந்தரங்கத்துக்குக் குறைவு வராமல், மருந்துச் சீட்டு, காத்திருப்போர் கூட்டம், இரவு வரும் போன் எல்லாவற்றையும் பார்க்கட்டும். "கிளினிக் ரெடியா இருக்கு" என்ற ஒரு காரணத்துக்காக யாரும் பத்து ஆண்டு படிக்க முடியாது.

அவள் ஆய்வுப் பக்கம் சாய்ந்தால் ஐசர் எனப்படும் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன; திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்குப் பக்கம். அதற்கு உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கில் மூன்று படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் நுழைவுத் தேர்வில் நான்கிலிருந்தும் தலா 15 கேள்விகள் வரும். அங்கேயும் இயற்பியல் கைகொடுக்கும். பொருளாதாரம், உளவியல் பக்கம் அவள் மனம் போகிறது என்றால் மட்டும் பாடத்தை மாற்றாதீர்கள். அப்போது பொருளாதாரத்தை விடுவதுதான் நஷ்டம். பிரிட்டன் பல்கலைக்கழகங்களை யோசிப்பதாக இருந்தால், மருத்துவத்துக்கும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜுக்கும் விண்ணப்பக் கடைசி நாள் பன்னிரண்டாம் வகுப்பின் அக்டோபர் 15 என்பதை மனதில் வையுங்கள்.

ஆகவே இந்த வாரம் இரண்டே வேலை. முதலில் மகளோடு மட்டும், அப்பாவும் நீங்களும், பெரியப்பா இல்லாமல், ஒரு மணி நேரம் பேசுங்கள், கேள்வி "டாக்டராகிறாயா?" என்பதாக இருக்க வேண்டாம், "பொருளாதாரத்தை விட்டு இயற்பியல் எடுக்க மனம் வருமா?" என்பதாக இருக்கட்டும். அவள் சரி என்றால், அடுத்த நாளே கோ-ஆர்டினேட்டருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: நான்-ரெகுலர் டிப்ளமாவுக்குப் பள்ளி விண்ணப்பிக்குமா, இயற்பியல் எஸ்எல் வகுப்பு அட்டவணையில் இடிக்காமல் பொருந்துமா, விட்டுப்போன பாடத்துக்குப் பள்ளி என்ன உதவி தரும். மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். முடியாது என்றால் அதையும் காரணத்தோடு எழுத்தில் வாங்குங்கள். அனுமதி மறுத்தது ஐபியா, அட்டவணை இடிக்கிறது என்று பள்ளியா என்பதைப் பொறுத்துத்தான் பள்ளி நிர்வாகத்திடம் மறுபடி பேசுவதா, என்ஐஓஎஸ் பக்கம் போவதா என்று முடிவு செய்ய முடியும்.